இடப் புருவத்துக் காயம்

பேப்பர் வந்தால் அருந்ததி முதலில் விரிப்பது சிறுவர் பக்கத்தை. அவளுடைய வயதுக்காரர் எல்லாரும் மரண அறிவித்தலைப் புரட்டி "ஆர் போயிட்டினம்" என்று பார்த்துக்கொண்டிருக்க, இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படப்புதிரில் குந்திவிடுவாள். அறுபத்தாறு வயதில் இது ஒரு கேடா என்று வாய்க்குள் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களே விடை தெரியாமல் பேப்பரோடு அவளுடைய படலையில் வந்து நின்றதும் உண்டு.

ஒருமுறை ஒரு படம் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் மூன்று பெண்கள். குழாய்க்குக் கீழே ஒருத்தி குடத்தைப் பிடித்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் ஒருத்தி, கடைசியில் இன்னொருத்தி குடத்தைத் தரையில் வைத்துவிட்டு நிற்கிறாள். முதலில் வந்தவள் யார் என்பது கேள்வி. ஊர் முழுக்கக் குழாய்க்குக் கீழே நிற்பவளைத்தான் சொன்னது. அருந்ததி கடைசிக்காரியைக் காட்டினாள்.

"அவளின்ரை குடத்தைச் சுத்தி நிலம் ஈரம், பாருங்கோ. நிரப்பிப்போட்டாள். ஊர்க்கதை கேக்கத்தான் நிக்கிறாள்."

அடுத்த கிழமை விடை அப்படியே வந்தது. எப்படிப் பிடித்தாய் என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்லுவாள். படம் எங்களைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கும், அதை விட்டுவிட வேண்டும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அலட்சியமாய்க் கீறிவிட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கெட்டித்தனத்தை ஆண்டவன் அவளுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

அவள் பிறந்தது காங்கேசன்துறைப் பக்கம், சீமெந்துத் தொழிற்சாலைப் புகை தெரிகிற வளவில். தொண்ணூறாம் ஆண்டு ஊரோடு சேர்ந்து ஓடினவள், ஓடி ஓடி வன்னியில் போய் நின்றாள். புருஷன் அங்கே காய்ச்சலில் போனார். மிஞ்சினது ஒரே மகன் கீர்த்திகன். அவனுக்கு எட்டு வயதில், ஓடிப் பிடித்து விளையாடி விழுந்தபோது பனையின் கருக்குமட்டை இடப்பக்கப் புருவத்தைக் கிழித்தது. சீலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள். புருவம் இரண்டு துண்டாய்ப் பிரிந்துபோய், நடுவில் மயிர் முளைக்காமலே விட்டுவிட்டது. வளர்ந்த பிறகு அவன் சிரித்தால் அந்த இடைவெளியும் சேர்ந்து ஏறும்.

கடைசி யுத்தத்தின் கடைசி நாளில், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவனும் வந்து பதியட்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கீர்த்திகன் இருந்தது சில மாதம்தான், அதுவும் இயக்கம் பிடித்துக்கொண்டுபோய். அவன் போக யோசித்தான். "ஒளிச்சால்தான் மோனை பிழை. போய்ப் பதிஞ்சிட்டு வா" என்று அனுப்பிவைத்தவள் அருந்ததிதான். பஸ் ஒன்றின் மிதிபலகையில் ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்தபடி அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

அவனைக் கட்டி ஒரு வருஷமும் ஆகாத பிரசாந்தி அப்போது அவள் பக்கத்தில் நின்றாள். இருபது வயது. பிள்ளை குட்டி இல்லை. தாய் தகப்பனும் அந்தக் கடற்கரையிலேயே செத்துப்போனார்கள். முகாமிலும், பிறகு உறவுக்காரர் வளவிலும், கடைசியில் ஆமி விடுவித்த தங்கள் காணியில் கட்டின அரைப் பூச்சு வீட்டிலும் மாமியும் மருமகளுமாய்த்தான் இருந்தார்கள். பிரசாந்தி முன்பள்ளியில் படிப்பித்தாள். காலையில் குங்குமம் வைக்காமல் படலை தாண்டமாட்டாள். பார்த்த பெண்கள் சிலர் அதற்கும் ஒரு கதை சொன்னார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போட்ட போராட்டக் கொட்டிலில் அருந்ததி மகனின் படத்தோடு போய் இருப்பாள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மரணச் சான்றிதழ் வாங்கக் கூடாது. கையாலே ஒப்படைத்த பிள்ளையைச் செத்தவன் என்று தாயே எழுதிக்கொடுத்தால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? வாங்கினவளை அங்கே யாரும் ஏசுவதில்லை. பாயில் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுப்பது மட்டும் நின்றுவிடும்.

அப்படியிருந்தும் போன வருஷம் அருந்ததி ஒரு முடிவுக்கு வந்தாள். பால் சங்கத்தில் வேலை பார்க்கும் வாகீசன், மனைவியை ஷெல்லில் இழந்தவர், பிரசாந்தியைக் கட்டக் கேட்டார். மரியாதையான மனிசன். கேட்டதும் பிரசாந்தியிடம் இல்லை, படலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அருந்ததியிடம்தான். மருமகளை இணங்கவைக்க அருந்ததிக்கு ஒரு மாரி முழுக்கப் போனது.

"எனக்குப் பிறகு உனக்கு ஆர் பிள்ளை? அரைச் சுவரோ துணை?"

"அவர் வந்தால், மாமி?"

"வந்தால் அவனுக்கு நான் பதில் சொல்லுறன்."

கடைசியில் பிரசாந்தி ஓம் என்றாள். ஆனால் கலியாணப் பதிவுக்கு அவளுடைய முதல் புருஷனின் மரணச் சான்றிதழ் வேண்டும். கொட்டிலுக்குத் தெரியாமல் அதை எடுக்க அருந்ததி தயாரானாள். அதற்காக ஊர் அதிகாரி விதானையாரிடம் போய்ச் சொல்ல நாளும் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது.

அருந்ததியின் தமக்கையின் மகன் கனடாவிலிருந்து பிரசாந்தியின் போனுக்கு அனுப்பியிருந்தான். அவனுக்கு யாரோ, அந்த யாரோவுக்கு வேறு யாரோ. எந்த ஊர், எப்போது எடுத்தது, ஒன்றும் தெரியாது. யாரோ ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பிய படம். தோளில் மூட்டையோடு ஒருவன் பாதி திரும்பி நிற்கிறான். நாற்பதை நெருங்கும் வயது, மெலிவு, தாடி. இடப்பக்கப் புருவம் இரண்டு துண்டாய்ப் பிரிந்திருக்கிறது. பின்னால் முகப்பைக் காட்டிக்கொண்டு ஒரு பஸ். அதில் ஏறப்போகும் ஒரு பெண்ணின் முதுகுப்புறம். பஸ்ஸின் நம்பரும் ஊர்ப்பெயரும் மூட்டைக்குப் பின்னால் மறைந்துபோக, படம் முழுக்கத் தேடினாலும் எழுத்தென்று ஒன்றும் இல்லை.

பிரசாந்தி போனை நீட்டினாள். அருந்ததி பார்த்தது புருவத்தை மட்டும்தான். எத்தனையோ படங்களைத் துருவித் துருவிப் பார்த்தவள், இந்தப் படத்தில் அது காட்டின இடத்தையே பார்த்தாள், வேறெங்கும் பார்க்கவில்லை. பெற்ற வயிறு துருவிப் பார்க்குமா?

"என்ரை பிள்ளை" என்று கத்தினாள். "இடப்பக்கம். பார் பிள்ளை, இடப்பக்கம். இது என்ரை பிள்ளைதான்."

அன்றே பிரசாந்தி வாகீசனுக்கு ஆள்விட்டுச் சொல்லிவிட்டாள், இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்று. முகமெல்லாம் பூரித்துப்போய், பழைய கூறைச் சீலையை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். கொட்டிலில் படம் கைக்குக் கை மாறியது. அங்கே எல்லாருக்கும் மூத்தவளான சின்னத்தங்கம், இரண்டு பிள்ளைகளைத் தேடுகிறவள், அருந்ததியைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"எடியே அருந்ததி, உன்னைக் கண்டிட்டான் ஆண்டவன். இனி எங்களையும் காணுவான்."

ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். பத்திரிகைக்காரர் வருகிறார்கள், நல்லதாய் உடுத்திக்கொண்டு வா என்று சின்னத்தங்கம் சொல்லி அனுப்பினாள்.

அந்தக் காலைதான் எல்லாம் குலைந்தது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அருந்ததி சீலை உடுத்தாள். கொய்யக மடிப்பைச் செருகி, தலைப்பைத் தோளில் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள்ளே நின்றவளின் தலைப்பு வலத்தோளில் கிடந்தது. தினமும் காண்கிற காட்சிதான், யார் கவனிக்கிறார்கள்? ஆனால் பக்கத்து மேசையில் சட்டம் போட்ட படம் சாய்த்து வைத்திருந்தது. அதில் பஸ்ஸில் ஏறப்போகிற பெண்ணின் தலைப்பும் வலத்தோளில்தான் கிடந்தது.

அருந்ததி கட்டிலில் இருந்தாள். "சீ, என்ன விசர்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உலகத்தில் எத்தனை விதமாய்ச் சீலை உடுத்துகிறார்கள். வடஇந்தியாவில் சிலர் வலத்தோளில் போடுவதைப் படங்களில் கண்டிருக்கிறாள். ஆனால் அவர்களுக்குத் தலைப்பு முன்பக்கம் விழும். இவளுக்குப் பின்னால் தொங்குகிறது, எங்கள் பெண்களுக்குத் தொங்குகிற மாதிரியே.

சரி, பஸ்ஸைப் பார்ப்போம். பஸ்ஸின் கதவு அவளுக்கு மறக்கக்கூடிய விஷயமா? இங்கே பஸ் இடப்பக்கமாய் ஓடும், கதவும் இடப்பக்கம். எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பஸ்ஸுக்குக் கதவு எங்கள் வலக்கைப் பக்கம் வரவேண்டும். அன்றைக்கும் அந்த பஸ் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது, அவன் அவளுடைய வலக்கைப் பக்கத்தில்தான் ஏறினான். இந்தப் படத்திலோ கதவு இடக்கைப் பக்கம். வெளிநாடாய் இருக்கலாம். கனடாவில் எல்லாம் மற்றப்பக்கம் என்று தமக்கையின் மகன் சொல்லியிருக்கிறான். வெளிநாட்டில் இருந்தால் இன்னும் நல்லதுதானே, உயிர் தப்பிவிட்டான்தானே! அந்த நினைப்பை அவள் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை நழுவிக்கொண்டே இருந்தது. கனடாவில் மூட்டையோடு நிற்பவனுக்குப் பின்னால் எங்கள் சீலைக்காரி ஏன் தலைப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறாள்?

எழுந்துபோய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் கீர்த்திகனின் சட்டை ஒன்று இருந்தது, வன்னியிலிருந்து கையில் கிடைத்ததோடு ஓடி வந்தபோதும் மடிக்குள் வைத்துக்கொண்டு வந்தது. அதைக் கட்டிலில் விரித்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். சட்டைப்பை இடப்பக்கம். பொத்தான் துளை உள்ள கரை இடப்பக்கம், அது மேலே வந்து மூடும். எந்த நாட்டில் தைத்தாலும் ஆம்பிளைச் சட்டைக்கு அப்படித்தான். படத்திலே மூட்டைக்காரனுக்குப் பையும் வலப்பக்கம், மேலே மூடின கரையும் வலப்பக்கம்.

ஒன்று என்றால் தற்செயல் என்று தள்ளலாம். இரண்டு என்றாலும் ஏதாவது சாட்டுச் சொல்லலாம். சீலையும் பஸ்ஸும் சட்டையும் ஒன்றையொன்று தெரியாத மூன்று சாட்சிகள், மூன்றும் ஒரே கதையைச் சொல்லுகின்றன. படம் வலம் இடமாய்ப் புரண்டு கிடக்கிறது. அப்படியென்றால் புருவமும் புரண்டுதான் கிடக்கிறது. அந்த மனிதனுக்குக் காயம் வலப்பக்கம்.

அருந்ததி சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. தன் மேலேயே அடக்கமாட்டாத கோபம்தான் வந்தது. ஒரு சீலையை எல்லாரையும் போல உடுத்திக்கொண்டு போகத் தெரியாதா உனக்கு? உன்னை ஆர் பார்க்கச் சொன்னது?

அவள் கொட்டிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாளும் உண்மையைச் சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. பிரசாந்தி கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "அவர் வந்தால் பக்கத்திலை இன்னொரு அறை கட்டவேணும் மாமி" என்று சுவரை அளந்தாள். வாயைத் திறந்தால் மகன் சாவான். மூடியிருந்தால் இந்தப் பெட்டை இருந்து இருந்து கிழவியாவாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் முடிவது இழவில்தான். யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றுதான் அவள் விரும்பினாள், ஒளிப்பானேன்.

பிரசாந்தி முன்பள்ளிக்குப் போயிருந்த ஒரு காலை, வாகீசன் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அம்மா, குறைநினைக்காதேங்கோ. எனக்கு மன்னாருக்கு மாற்றம் கேட்டிருந்தனான், வந்திட்டுது. அவர் உயிரோடை இருக்கிறார் எண்டால் எனக்குச் சந்தோசம். சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"எப்ப தம்பி போறியள்?"

"மாதம் முடிய."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த மனிசனின் சந்தோசம் பொய்யில்லை என்பதுதான் அருந்ததியைச் சுட்டது. பிரசாந்தி மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றியதும் அருந்ததி அவளைக் கூப்பிட்டுப் படத்துக்கு முன்னால் இருத்தினாள். சீலையைக் காட்டினாள். பஸ் கதவைக் காட்டினாள். சட்டையை விரித்து வைத்தாள். மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிரசாந்திக்குப் புரிய நேரம் எடுக்கவில்லை. போன் பழகிய பிள்ளை. தன்னைத்தானே எடுக்கிற படம் சில போன்களில் கண்ணாடி மாதிரியே பதியும் என்பது அவளுக்குத் தெரியும். வெட்டின ஓரத்தில், தன்னையே படமெடுத்த யாரோ ஒருவரின் காதுமடல் ஒட்டிக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் இருவரும் கண்டார்கள். பிரசாந்தி போனை எடுத்தாள். படத்தைத் தேடி எடுத்துப் புரட்டினாள்.

தலைப்பு இடத்தோளுக்கு வந்தது. கதவு வரவேண்டிய பக்கம் வந்தது. பையும் கரையும் தங்கள் இடத்துக்குப் போயின. நடுவில், வலப் புருவம் வெட்டுப்பட்ட ஒரு மனிதன் நின்றான். காயம் மட்டுமில்லை, நாடி, மூக்கு, தலை சாய்த்திருந்த விதம், ஒன்றும் கீர்த்திகனுடையது இல்லை. முன்னே பின்னே கண்டிராத ஒருவன்.

பிரசாந்தி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரை ரெண்டுதரம் குடுத்திட்டியள் மாமி. அண்டைக்கு பஸ்ஸிலை ஏத்திவிட்டியள். இண்டைக்கு இப்பிடி."

அந்தச் சொல்லுக்காக அருந்ததி இத்தனை வருஷமும் காத்திருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். கொட்டிலில் இருக்கும் எந்தத் தாயும், எந்த அதிகாரியும், கடவுளும்கூட அவளிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னவள் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த கூறைச் சீலையை இழுத்து மடித்தாள். மடிப்புச் சரியாய் வரவில்லை. உதறி உதறித் திரும்பத் திரும்ப மடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சோறு வரும், தேத்தண்ணி வரும், சொல் வராது.

அருந்ததி கொட்டிலுக்குப் போய்ச் சின்னத்தங்கத்திடம் விஷயத்தைச் சொன்னாள். புரட்டின படத்தையும் கொண்டுபோயிருந்தாள்.

"என்ரை பிள்ளை இல்லை அக்கா. ஆனால் ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளை. வலப்பக்கக் காயத்தோடை ஒருத்தனைத் தேடுறவள் எங்கையாவது இருப்பாள். இதிலை கொழுவி விடுங்கோ."

"நீ சும்மா இருந்திருக்கலாமேடி" என்றாள் சின்னத்தங்கம். கோபமாய்ச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். படத்தை மட்டும் வாங்கி, பிள்ளைகளின் படவரிசையில் கடைசியாய்க் கொழுவினாள். அருந்ததி அடுத்ததையும் சொன்னாள், விதானையாரிடம் போகப்போவதாக. சின்னத்தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது கிராம சேவகர் என்று பெயர்ப்பலகை சொன்னாலும் ஊருக்கு அவர் விதானையார்தான். சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். அருந்ததி போன காலை, பிரசாந்தியும் பின்னால் வந்தாள். எதற்கு வருகிறாய் என்று கேட்கவும் இல்லை, வருகிறேன் என்று அவள் சொல்லவும் இல்லை. குங்குமம் நெற்றியில் இருந்தது. உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விதானையார் பெயர் கேட்டு எழுதினார். பிறந்த திகதி எழுதினார். கடைசியாய்க் கண்ட இடத்தைக் கேட்டபோது மட்டும் தலை நிமிரவில்லை.

"அங்க அடையாளம் ஏதும் இருக்கோ அம்மா?"

அருந்ததி கையைத் தூக்கித் தன் இடப் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். எதிரே இருந்த விதானையார் தன் வலப் புருவத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வலப் புருவத்தில் காயம் என்று எழுதத் தொடங்கினார்.

"வலம் இல்லைத் தம்பி."

"இந்தப் பக்கம்தானே அம்மா காட்டினனீங்கள்?" அவர் மறுபடியும் தன் வலப் புருவத்தைத் தொட்டார்.

அருந்ததி சொல்ல வாயெடுத்தாள், குரல் வரவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் வைத்து எப்படி விளங்கப்படுத்துவது? கை தூக்கினபடியே நின்றது. அப்போது நிலையைப் பிடித்திருந்த பிரசாந்தி உள்ளே வந்தாள். மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, அவளுடைய இடப் புருவத்தில் தன் விரலை வைத்தாள்.

"இஞ்சை ஐயா" என்றாள். "அவருக்கு இடப்பக்கம்."

விதானையார் எழுதினதை வெட்டிவிட்டுத் திருத்தி எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை பிரசாந்தி விரலை எடுக்கவில்லை.